உதித் நாராயண்: பம்பாய்க்கு முன்னும் பம்பாய்க்குள்ளும் ஒரு நேபாளக் குரல்

கேள்வி இது: உதித் நாராயணை நேபாளத்துக்காரர்கள் ஏன் தங்கள் பாடகர் என்று சொல்கிறார்கள்? அவர் இந்திப் படப் பாடகர்தானே? நேபாளத்தில் அப்படி என்ன பாடிவிட்டார்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இந்தித் திரையுலகம் அவரை முழுமையாக ஏற்றுக்கொண்டது 1988-ல். அவர் வானொலியில் பாடத் தொடங்கியது 1970-ல். நடுவில் பதினெட்டு வருடங்கள் இருக்கின்றன. அதில் முதல் எட்டு வருடங்கள் காட்மாண்டுவில் போயின. மிச்சம் பத்து வருடங்கள் பம்பாயில் கழிந்தன என்றாலும், இந்தியில் வாய்ப்பு வந்தும் வராமலும் இருந்த அந்தக் காலத்தில் நேபாளிப் படங்களில் அவர் குரல் நாயகனின் குரலாகவே ஒலித்தது. பெரும்பாலான கட்டுரைகள் இந்தப் பதினெட்டு வருடங்களை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடும். அவருடைய பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதலில் ஊர். உதித் நாராயண் ஜா 1955 டிசம்பர் 1-ம் தேதி பிறந்தவர். பிறந்த இடம் பற்றி இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, பீகாரின் இன்றைய சுபௌல் மாவட்டத்தில் உள்ள பாய்சி கிராமம். இன்னொன்று, எல்லைக்கு அந்தப்புறம் நேபாளத்தின் சப்தரி மாவட்டத்தில் உள்ள பார்தஹா. இந்த இரண்டு ஊர்களை வைத்து இணையத்தில் நடக்கும் சண்டையைப் பார்த்தால் ஏதோ இரண்டு கண்டங்கள் போலத் தோன்றும். நிஜத்தில் இரண்டும் கோசி ஆற்றங்கரைச் சமவெளியில், ஒரே மொழி பேசும் ஒரே நிலத்தில் இருக்கின்றன. நடுவில் கோடு மட்டும்தான். 1950-ல் கையெழுத்தான இந்திய நேபாள உடன்படிக்கைக்குப் பிறகு இந்த எல்லையைத் தாண்ட இரு நாட்டவருக்கும் பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். இந்தப் பக்கம் பெண் எடுப்பார்கள், அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பார்கள். உதித்தின் தந்தை வழி நேபாளம், தாய் வழி பீகார். அந்தப் பகுதியில் இது வெகு சாதாரணமான குடும்பம்.

அந்த நிலத்தின் பெயர் மிதிலை. பேசும் மொழி மைதிலி. நேபாளத்தில் நேபாளி மொழிக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் தாய்மொழியாகக் கொண்டது மைதிலிதான். மைதிலிக் கவிஞர் வித்யாபதியின் பாடல்கள் ஆறு நூற்றாண்டுகளாக அங்கே வாய்வழியாகப் புழங்குகின்றன. குழந்தை பிறந்தால் சோஹர், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சமதாவுன், சூரியனை வழிபடும் சட் பண்டிகைக்குத் தனிப் பாடல்கள் என்று எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பெண்கள் கூடிப் பாடுபவை. உதித்தின் தாயார் அப்படி நாட்டுப்புறப் பாடல்கள் பாடியவர். மேல் ஸ்தாயியில் தொண்டையை நன்றாகத் திறந்து, சொல்லின் கடைசி எழுத்தைச் சற்றே இழுத்துவிடும் அந்தப் பாணியை அவருடைய இந்திப் பாடல்களில்கூட என்னால் கேட்க முடிகிறது. உச்சத்தில் பாடும்போது பல பாடகர்களின் குரல் இறுகும். இவர் குரல் அங்கேதான் விரியும்.

1970-ல் ரேடியோ நேபாளில் பாடகராகச் சேர்ந்தார். ஆரம்பத்தில் பாடியது மைதிலி நாட்டுப்புறப் பாடல்கள், பிறகு நேபாளியிலும். இதை வெறும் வேலையாகப் பார்த்துவிடக் கூடாது. ரேடியோ நேபாள் 1951-ல் தொடங்கப்பட்டது. நாட்டில் தொலைக்காட்சி இல்லாத அந்தக் காலத்தில், நேபாளத்தின் மெல்லிசை முழுவதும் அந்த ஒரே கட்டடத்துக்குள் உருவானது. நாராயண் கோபால், தாரா தேவி, பிரேம் துவஜ் பிரதான் எல்லோரும் அங்கே பாடியவர்கள்தான். ஆதுனிக் கீத் என்று அங்கே சொல்லப்படும் மெல்லிசைப் பாடல்களுக்கு நேபாளத்தில் இன்றுவரை இருக்கும் மரியாதை, சினிமாப் பாட்டுக்குக்கூட இல்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அப்படிப்பட்டவர்கள் நடமாடிய இடத்தில் போய் நின்றிருக்கிறான்.

அரசியல் சூழலையும் சொல்ல வேண்டும். கட்சிகளைத் தடை செய்து மன்னர் மகேந்திரா நடத்திய 'பஞ்சாயத்து' ஆட்சி ஒரே மொழி, ஒரே உடை என்ற கொள்கையைத் தூக்கிப் பிடித்த காலம் அது. 1965-ல் ரேடியோ நேபாள் இந்தி, நேவாரி மொழிச் செய்திகளை நிறுத்திவிட்டது. அரசு என்றால் நேபாளி மொழிதான் என்று இருந்த அந்த நிலையத்தில், தெற்குச் சமவெளியிலிருந்து வந்த ஒருவர் மைதிலி பாடிக் கால் பதித்தது சின்ன விஷயம் இல்லை. நேபாளி மொழியை அவர் பிறகு கற்றுத் தேர்ந்து, அதில் பாடி, அங்கே பிறந்தவர் போலவே ஒலித்தார். இதையும் அங்கேதான் சாதித்தார்.

1978-ல் காட்மாண்டுவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் உதவித்தொகை கிடைத்து, பம்பாயில் பாரதிய வித்யா பவனில் சாஸ்திரிய சங்கீதம் படிக்கப் போனார். 1980-ல் ராஜேஷ் ரோஷன் இசையில் 'உன்னீஸ் பீஸ்' படத்தில் முதல் இந்திப் பாட்டு. உடன் பாடியவர் முகமது ரஃபி! அதே வருடம் ஜூலை 31-ல் ரஃபி இறந்துபோனார்.

இத்தனை நல்ல தொடக்கத்துக்குப் பிறகு ஏன் எட்டு வருடம் காத்திருக்க வேண்டி வந்தது? ரஃபியின் மறைவுதான் காரணம் என்பது என் கணிப்பு. அவர் போன பிறகு இசையமைப்பாளர்கள் அவரைப் போலவே பாடும் குரலைத் தேடினார்கள். ஷப்பீர் குமார், முகமது அஜீஸ், அன்வர் ஆகியோர் எண்பதுகளில் அந்த வழியாகத்தான் மேலே வந்தார்கள். இன்னொரு பக்கம் கிஷோர் குமார் 1987 வரை உயிருடன் இருந்து, தன் இடத்தை யாருக்கும் விடாமல் பாடிக்கொண்டிருந்தார். உதித் ரஃபியை ஆராதித்தவர்தான். ஆனால் குரல் ரஃபியின் குரல் இல்லை. கிஷோரின் குரலும் இல்லை. மெல்லியது, பளிச்சென்றது, இளமையானது. எண்பதுகளின் இந்திப் படங்களில் அடிதடி நாயகர்களின் ஆட்சி. அந்த முகங்களுக்கு இந்தக் குரல் ஒட்டாது.

நேபாளி சினிமா அவருக்குக் கைகொடுத்தது இந்த இடைவெளியில்தான். இந்தப் பகுதி தமிழ் வாசகர்களுக்கு அதிகம் தெரியாதது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேபாளி சினிமா பிறந்ததே நேபாளத்துக்கு வெளியில். நேபாளி மொழியின் முதல் படம் 1951-ல் கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. 1966-ல் வந்த 'மைதிகர்' தனியார் தயாரிப்பில் வந்த முதல் நேபாளிப் படம். மாலா சின்ஹா நடித்து, ஜெய்தேவ் இசையமைத்தார். லதா, ஆஷா, மன்னா டே, கீதா தத் என்று பம்பாயின் பெரிய குரல்கள் எல்லாம் அதில் நேபாளி பாடின. நாராயண் கோபாலும் பிரேம் துவஜும் அவர்களோடு பாடினார்கள். காட்மாண்டுவில் படப்பாடல் பதிவு செய்யத் தக்க வசதி நெடுநாள் இல்லை. அதனால் எண்பதுகளில்கூடப் பெரிய நேபாளிப் படங்களின் பாடல்கள் பம்பாயில் பதிவாயின.

அந்தப் பதிவுகளின் நடுநாயகம் ரஞ்சித் கஜ்மேர். டார்ஜிலிங்காரர். பம்பாய் வட்டாரத்தில் 'காஞ்சா' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆர்.டி. பர்மனின் குழுவில் மாதல் வாசித்தவர். மாதல் என்பது இரண்டு கைகளாலும் வாசிக்கும் நேபாளத்துச் சின்ன மத்தளம். பர்மனின் எழுபதுகளின் பாடல்களில் கேட்கும் அந்த மலைநாட்டுத் தாளம் இவர் கைவண்ணம். இவரும் காலிம்போங்கைச் சேர்ந்த இயக்குநர் துளசி கிமிரேயும் சேர்ந்து செய்த படங்கள்தான் எண்பதுகளின் நேபாளி சினிமாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. 1985-ல் வந்த 'குசுமே ருமால்' அவற்றில் தலையானது. புவன் கே.சி., திருப்தி நட்கர் நடித்த காதல் கதை. படம் பெரும் வெற்றி. உதித் அதில் பாடினார். இன்றும் நேபாளத்தில் கல்யாண வீட்டிலும் பேருந்திலும் ஒலிக்கும் பாடல்கள் அவை.

ஆக, இந்தியா முழுவதும் அவரை அறிவதற்கு மூன்று வருடம் முன்பே நேபாளம் அவரை நாயகனின் குரலாக அறிந்திருந்தது. பம்பாயில் குடியிருந்தார், ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார், இந்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாடினார். ஆனால் நேபாளி பேசும் ரசிகனுக்கு அவர் அப்போதே நட்சத்திரம். மொழி தெரிந்த, சுருதி சுத்தமான, சாஸ்திரியப் பயிற்சியும் உள்ள ஆண் குரல் பம்பாயிலேயே இருக்கிறது என்றால் நேபாளிப் படத் தயாரிப்பாளர் வேறு யாரைத் தேடுவார்? இரண்டு தரப்புக்கும் அது வரமாக அமைந்தது. மைக்குக்கு முன் நின்று ஒரு முழுக் காதல் பாட்டைத் தாங்கும் பக்குவம் இந்த நேபாளிப் பதிவுகளில்தான் அவருக்குக் கூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு 1988. மன்சூர் கானின் 'கயாமத் சே கயாமத் தக்'. இசை ஆனந்த் மிலிந்த். இவர்கள் இசையமைப்பாளர் சித்ரகுப்தின் மகன்கள். சித்ரகுப்த் பீகார்க்காரர், போஜ்புரித் திரையிசையின் மூத்தவர், ஏவி.எம். எடுத்த இந்திப் படங்களுக்கு இசையமைத்தவர் என்பதால் நம் ஊருக்கும் அந்நியரில்லை. கங்கைச் சமவெளியின் மெட்டு அந்த வீட்டிலேயே ஊறியிருந்தது. புதுமுகம் ஆமிர் கானுக்குப் பழைய குரல் எதுவும் பொருந்தாது என்று உதித்தை வைத்தார்கள். கல்லூரிப் பையன் கிட்டாரோடு மேடையேறிப் பாடும் அந்த ஒரு பாட்டு, எட்டு வருடத் தடையை உடைத்தது. ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. முகத்துக்கும் குரலுக்கும் ஒரே வயது என்று கேட்டவுடன் நம்பவைத்த பாட்டு. அடிதடிப் படங்கள் ஓய்ந்து காதல் படங்கள் திரும்பிய வேளையில், அவர் குரலுக்கேற்ற காலம் கடைசியில் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிந்தைய கதை எல்லோருக்கும் தெரியும், வேகமாகக் கடந்துவிடலாம். தொண்ணூறுகளின் முதல் ஐந்து வருடங்களில் ஃபிலிம்ஃபேர் விருதைக் குமார் சானு தொடர்ந்து அள்ளினார். ஆனாலும் 'ஜோ ஜீத்தா வொஹி சிக்கந்தர்', 'டர்' போன்ற படங்களில் உதித் பாடியவை இன்றும் பசுமையாக இருக்கின்றன. 1995-ல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே', 1996-ல் 'ராஜா இந்துஸ்தானி', 1999-ல் 'ஹம் தில் தே சுக்கே சனம்', 2001-ல் 'லகான்' என்று ஃபிலிம்ஃபேர் மொத்தம் ஐந்து. எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என மூன்று பத்தாண்டுகளிலும் அதை வாங்கியவர். தேசிய விருது மூன்று முறை: 2001-ல் 'லகான்', 'தில் சாஹ்தா ஹை' இரண்டுக்கும் சேர்த்து, 2002-ல் 'ஜிந்தகி கூப்சூரத் ஹை' படத்துக்கு, 2004-ல் 'ஸ்வதேஸ்' படத்துக்கு. 2009-ல் பத்மஸ்ரீ, 2016-ல் பத்மபூஷண்.

'லகான்', 'ஸ்வதேஸ்' இரண்டும் ஏ.ஆர். ரஹ்மான் இசை. ரஹ்மான் அவரை இந்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1994-ல் 'காதலன்' படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தோடு 'காதலிக்கும் பெண்ணின் கைகள்', 1995-ல் 'முத்து' படத்தில் சித்ராவோடு 'குலுவாலிலே', 2007-ல் 'சிவாஜி' படத்தில் சின்மயியோடு 'சஹானா'. வித்யாசாகர் இசையில் 2002-ல் 'ரன்' படத்தின் 'காதல் பிசாசே'. 'முத்து' 1998-ல் ஜப்பானில் ஓடு ஓடென்று ஓடியபோது, கோசிக் கரையின் இந்தக் குரல் தமிழ்ப் பாட்டாகத் தோக்கியோவுக்கும் போனது.

அவருடைய தமிழ் உச்சரிப்பைப் பற்றி நம்மவர்களுக்கு நெடுநாள் குறை உண்டு. நியாயமான குறைதான். ழகரமும் ளகரமும் அவர் வாயில் படும் பாடு தமிழ்க் காதுக்கு வலிக்கும். குறில் நெடில் மாறிப்போகும் இடங்களும் உண்டு. ஒலிப்பதிவின்போது இன்னும் இரண்டு முறை சொல்லிக்கொடுத்துப் பாடவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதை மட்டுமே வைத்து அவரை எடைபோட்டுவிடுவது பெரிய இழப்பு. மைதிலி, நேபாளி, போஜ்புரி, இந்தி நான்கும் ஒரே மொழிக் குடும்பம். அவற்றின் ஒலிகள் அவர் நாக்கில் பழகியவை. நேபாளியில் அவர் பாடுவதைக் கேட்டுப் பாருங்கள். சொல்லைப் பற்றிய கவலையே இல்லாமல், பாவத்தில் மட்டும் மனம் வைத்துப் பாடும் வேறொரு உதித் அங்கே இருக்கிறார்.

இப்போது 'நேபாளியா, இந்தியரா' என்ற இடத்துக்குத் திரும்பலாம். நேபாளத்தின் இப்போதைய தேசிய கீதம் 2007-ல் ஏற்கப்பட்டது. அதற்கு இசையமைத்தவர் அம்பர் குருங், டார்ஜிலிங்கில் பிறந்தவர். நேபாளம் தலையில் வைத்துக் கொண்டாடும் பாடகி அருணா லாமா டார்ஜிலிங்காரர். இசையமைப்பாளர் கோபால் யோன்ஜனும் ரஞ்சித் கஜ்மேரும் அப்படித்தான். நேபாளி இசையின் பெரும்பகுதியை இந்திய மண்ணில் பிறந்தவர்கள் செய்திருக்கிறார்கள். அவர்களை யாரும் நீங்கள் எந்த நாடு என்று கேட்பதில்லை. தாய்மொழி நேபாளி, மலைநாட்டு முகம். அதுவே போதுமானதாக இருந்தது. உதித் சமவெளிக்காரர், தாய்மொழி மைதிலி. நேபாளத்தில் மதேசி என்று அழைக்கப்படும் இந்தச் சமவெளி மக்கள் தங்கள் நாட்டிலேயே இந்தியர்களாகப் பார்க்கப்படும் வேதனையை நெடுங்காலம் சுமந்தவர்கள். 2000 டிசம்பரில், நடிகர் ஹிரித்திக் ரோஷன் நேபாளத்தை வெறுப்பதாகச் சொன்னார் என்று ஒரு வதந்தி பரவியது. அவர் மறுத்தார். அதற்குள் காட்மாண்டுவில் கலவரம் மூண்டு சிலர் உயிரிழந்தார்கள். தெருவில் அகப்பட்ட மதேசிகள் தாக்கப்பட்டார்கள். அதற்கு மறு வருடம், 2001-ல், மன்னர் வீரேந்திரா கோர்க்கா தட்சிண பாகு விருதை உதித்துக்கு அளித்தார். அந்தச் சூழலில் ஒரு மைதிலிப் பாடகருக்கு அரண்மனை அளித்த அங்கீகாரம் சாதாரணமானது இல்லை. நேபாளி என்றால் யார் என்ற கேள்விக்கு அவர் குரல் எத்தனையோ பேச்சுகளை விட நல்ல பதில் சொல்லியிருக்கிறது.

நேபாளப் பாடகர்கள் வரிசையில் அவருக்கு எந்த இடம்? நாராயண் கோபாலுக்கு நிகராக அங்கே யாரையும் வைக்க மாட்டார்கள். அவர்தான் ஸ்வர சாம்ராட். நானும் அப்படித்தான் சொல்வேன். 1990-ல் மறைந்த நாராயண் கோபாலின் கனத்த, சோகம் தோய்ந்த குரல் வானொலி மெல்லிசைக்கென்றே பிறந்தது. அந்த ஆழம் உதித்திடம் இல்லை. திரையில் இளைஞன் காதலிக்கும்போது எழும் மலர்ச்சி இவருடையது. நேபாளித் திரைப்பாட்டு என்று தனியாக எடுத்துக்கொண்டால், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இவரைத் தாண்டிய ஆண் குரல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காட்மாண்டுவில் நல்ல ஒலிப்பதிவுக் கூடங்கள் வந்து, ராஜேஷ் பாயல் ராய், பிரமோத் கரேல் போன்ற உள்ளூர்க் குரல்கள் எழுந்த பிறகு, பம்பாய்க்குப் போய்ப் பதிவு செய்யும் வழக்கம் குறைந்தது. அதோடு நேபாளிப் படங்களில் உதித்தின் பாடல்களும் குறைந்தன. பாடகியான மனைவி தீபாவோடு 'உபஹார்' என்ற நேபாளி ஆல்பம் ஒன்றை அவர் வெளியிட்டார். போஜ்புரியில் இருவரும் தயாரித்த 'கப் ஹோயி கவ்னா ஹமார்' படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. இந்தியில் உச்சத்தில் இருந்தவர் தாய்நிலத்து மொழிகளுக்குக் காசு போட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 'குசுமே ருமால்' பாடல்களிலிருந்து தொடங்குங்கள், யூடியூபில் கிடைக்கும். அடுத்து அவர் பாடிய மைதிலி சட் பாடல்கள் சில. அதன் பிறகு 'லகான்' படத்தின் 'மித்வா' பாட்டை மறுபடி போட்டு, சரணத்திலிருந்து மேலே ஏறும் இடத்தில் அவர் குரல் எப்படித் திறக்கிறது என்று கவனியுங்கள். மூன்றையும் ஒரே உட்காரலில் கேட்டால் நான் மேலே சொன்னதெல்லாம் காதுக்கே தெரிந்துவிடும்.